யார் வென்றார், யார் தாங்கினார்? குத்துச்சண்டை இரசிகரின் தீர்ப்புக்கு ஒரு வரலாறு

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. ஆமூர் மல்லனோடு அவன் பொருத மற்போரைச் சாத்தந்தையார் பாடுகிறார். பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் பாடிய 85ஆம் பாடலின் கவனம், போரிடுபவனைக் காட்டிலும் அவனைப் பற்றிப் பேசுவோர் மீது விழுகிறது. வெற்றி அவனுடையது என்கின்றனர் ஒரு சாரார். இல்லை என்கின்றனர் மற்றொரு சாரார். பாடுபவள் தன் மனையருகே பனைமரத்தையொட்டி நின்று, கண்ணால் கண்டு, வெற்றி அவனுக்கே எனத் தன் தீர்ப்பைச் சொல்கிறாள். அவள் அவன்மீது காதல் கொண்டவள் என்பதை முந்தைய இரு பாடல்களும் மறைக்கவில்லை. இரண்டு உடல்கள் மோதும் களத்தைச் சுற்றி நிற்போர் இரண்டு கட்சியாகப் பிரிவதும், பிரிந்தோருள் எவரும் முற்றிலும் பற்றற்றவராய் இராததும் அத்துணைப் பழமையானவை.

தொழில்முறைக் குத்துச்சண்டையின் முந்நூறாண்டு வரலாற்றில் இப்பிரிவு வெறும் வாய்ப்பேச்சாக இருந்ததில்லை. எந்தச் சண்டை முடிந்தாலும் இரசிகர் இரண்டு கேள்விகளை எழுப்பிக்கொள்கிறார்: யார் வென்றார்? யார் தாங்கினார்? முதற்கேள்வி திறனைப் பற்றியது. இரண்டாவது உரத்தைப் பற்றியது. முதற்கேள்வி மெல்ல மெல்ல இரசிகரிடமிருந்து நீங்கி, சம்பளம் பெறும் நடுவர்களின் கைக்குச் சென்றது. இரண்டாவது கேள்வி இன்றுவரை இரசிகரிடமே உள்ளது. அதற்கு அவர் அளிக்கும் விடை எந்தப் புள்ளித்தாளிலும் பதிவாவதில்லை. ஆனால் களத்தில் நிற்பவர் எப்போது நிறுத்தலாம், நிறுத்தினால் அவர் பெயர் என்னவாகும் என்பதை அவ்விடையே பெரும்பாலும் முடிவு செய்துவந்திருக்கிறது.

1. உடலே தீர்ப்பளித்த காலம்

1743 ஆகஸ்ட் 16ஆம் நாள் இலண்டனில் ஜாக் பிராட்டன் தம் அரங்கிற்கென வகுத்த விதிகளே குத்துச்சண்டையின் முதல் எழுத்துவடிவ விதிகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றில் புள்ளிக் கணக்கு இல்லை. சுற்றுக்குக் கால வரையறையும் இல்லை. ஒருவர் கீழே விழுந்தால் சுற்று முடியும். அரை நிமிடத்துக்குள் அவரைக் களத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்த இயலாவிட்டால் அவர் தோற்றவர். வென்றவர் யார் என்பதைச் சொல்ல எவரும் தேவையில்லை. எழ முடியாத உடலே அதைச் சொல்லிவிடும். ஆயினும் அவ்விதிகளுள் ஒன்று கவனிக்கத்தக்கது. சண்டையிடுவோர் இருவரும் அங்கு வந்திருக்கும் கனவான்களிலிருந்து இரண்டு நடுவர்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அவ்விருவரும் உடன்படாவிட்டால் அவர்கள் மூன்றாமவர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். பார்வையாளரே நடுவர் என்ற ஏற்பாடு இவ்விளையாட்டின் முதல் ஆவணத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

வெற்றியை உடல் சொல்லிவிட்டபின் பார்வையாளருக்குப் பேச எஞ்சியது என்ன? 1747இல் வெளிவந்த கேப்டன் ஜான் காட்ஃபிரியின் தற்காப்புக்கலை நூல் இதற்கு விடை தருகிறது. காட்ஃபிரி வாட்போர் பயின்றவர். நூலின் பிற்பகுதியில் தாம் அறிந்த குத்துச்சண்டையாளர்களை ஒவ்வொருவராக எடுத்து, அவர்தம் வலிமை, நுட்பம், குறை ஆகியவற்றை எடைபோடுகிறார். இரசிகர் ஒருவரின் கருத்துகளைத் தொகுத்த முதல் அச்சுப்பதிவு என அதனைக் குறிப்பிடலாம். அதில் திரும்பத் திரும்ப வருவது 'பாட்டம்' என்னும் சொல். அடிப்பகுதி என்னும் நேர்ப்பொருளிலிருந்து விரிந்து, அடி வாங்கியும் அசையாமல் நிற்கும் ஆற்றலை அது குறித்தது. மூச்சுவலிமையும் நெஞ்சுறுதியும் சேர்ந்ததே அது எனக் காட்ஃபிரி பகுத்துக் கூறுகிறார். வலிமை இருந்தும் இது இல்லாதவர் அவருடைய மதிப்பீட்டில் தாழ்ந்துபோகிறார்.

1750 ஏப்ரலில் பிராட்டனே இதன் மறுபக்கத்தைக் கண்டார். ஜாக் ஸ்லாக்கின் குத்தில் அவர் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. எதிரியைப் பார்க்க முடியாத நிலையில் அவர் தோற்றார். அவர்மீது பெரும்பந்தயம் கட்டியிருந்த புரவலர் கம்பர்லண்டுக் கோமகன் ஆதரவை விலக்கிக்கொள்ள, அரங்கு மூடப்பட்டது. விதிகளை வகுத்தவருக்கும் இரசிகரின் மதிப்பு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துபோகக்கூடியதாகவே இருந்தது.

2. விலங்குகளிடமிருந்து வந்த புகழ்ச்சொற்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குத்துச்சண்டையைப் பின்தொடர்ந்த கூட்டத்துக்கு இங்கிலாந்தில் 'ஃபேன்சி' என்றே பெயர் வழங்கியது. பிரபுக்கள், இறைச்சிக் கடைக்காரர்கள், வண்டியோட்டிகள், மதுக்கடை உரிமையாளர்கள் எனப் பல தரப்பினரும் அதில் இருந்தனர். அக்கூட்டத்தின் வரலாற்றாசிரியர் பியர்ஸ் ஈகன். 1812 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த அவருடைய 'பாக்ஸியானா' சண்டைகளின் பதிவேடாகவும், அக்கூட்டத்தின் பேச்சுமொழியை அச்சேற்றிய சொற்களஞ்சியமாகவும் ஒருங்கே விளங்கியது.

அம்மொழியின் புகழ்ச்சொற்களைச் சற்று நெருங்கி நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. 'பாட்டம்' பந்தயக் குதிரைகளுக்கும் குத்துச்சண்டையாளருக்கும் பொதுவாக வழங்கியது. இறுதிவரை விடாதவர் என்னும் பொருள்படும் 'கேம்' என்ற அடைமொழி சண்டைச் சேவலிடமிருந்து வந்தது. துணிவைக் குறிக்கும் 'பிளக்' என்னும் சொல், வெட்டிய விலங்கின் உடலிலிருந்து பிடுங்கியெடுக்கும் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குத்துச்சண்டைக் களத்தின் கொச்சைவழக்காகத் துணிவுப்பொருள் பெற்றுப் பின்னர் பொதுவழக்குக்குச் சென்றது. பந்தயக் குதிரை, சண்டைச் சேவல், கசாப்புக் கடையின் விலங்கு ஆகிய மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: களத்தை விட்டு நீங்கும் உரிமை அவற்றுக்கு இல்லை. நீங்கும் உரிமையுள்ள மனிதரைப் புகழ, நீங்க முடியாத உயிர்களின் சொற்களையே இரசிகர் தேர்ந்துகொண்டார். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு நடுகல் எடுத்த பண்பாட்டுக்கு இம்மனநிலை அயலானதன்று. ஆனால் நடுகல் இறந்தபின் எடுக்கப்படுவது. இங்கிலாந்தின் புகழ்ச்சொற்களோ களத்தில் நிற்பவரின் காதில் விழும்படி உரக்கக் கூறப்பட்டவை.

வில்லியம் ஹாஸ்லிட் 1822 பிப்ரவரியில் வெளியிட்ட 'சண்டை' என்னும் கட்டுரை இம்மனநிலையின் மிகச்சிறந்த உரைநடைப் பதிவு. 1821 டிசம்பர் 11ஆம் நாள் ஹங்கர்ஃபோர்டு அருகே டாம் ஹிக்மனுக்கும் பில் நீட்டுக்கும் இடையே நடந்த சண்டையைப் பற்றியது அது. பாதிக்கு மேற்பட்ட பக்கங்கள் அங்குச் சென்றுசேரும் பயணத்துக்கே செலவாகின்றன. ஏனெனில் சண்டையைவிடச் சண்டையைப் பார்க்கப்போகும் மனிதரே ஹாஸ்லிட்டின் அக்கறை. ஹிக்மனின் தற்பெருமையை அவர் தொடக்கத்தில் கடிகிறார். பன்னிரண்டாம் சுற்றளவில் நீட்டின் குத்து முகத்தில் இறங்கி ஹிக்மன் வீழ்ந்து, உயிரற்றவர்போல் தோன்றி, மீண்டும் எழுந்து நிற்கும்போது அக்கடிதல் முழுவதும் வியப்பாக மாறிவிடுகிறது. பதினெட்டுச் சுற்றில் தோற்ற ஹிக்மனே அக்கட்டுரையின் நாயகராக மனத்தில் நிற்கிறார். முதற்கேள்வியில் தோற்றவர் இரண்டாவது கேள்வியில் வென்றுவிட்டார்.

இக்கூட்டத்தின் தீர்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவுகோலைக் கையாண்டது எனக் கருத முடியாது. அமெரிக்காவின் அடிமைமுறைச் சூழலிலிருந்து வந்த கறுப்பினத்தவர் டாம் மாலினோ 1810 டிசம்பரில் டாம் கிரிப்பை எதிர்த்தார். முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் நீண்ட அச்சண்டையில் கூட்டம் களத்துக்குள் புகுந்தது பற்றியும், கிரிப்புக்கு விதியை மீறிய இளைப்பாறுநேரம் கிடைத்தது பற்றியும் சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. தோல்விக்குப்பின் கிரிப்புக்கு விடுத்த மறு அறைகூவலில் மாலினோ, தம் நிறம் தமக்கு எதிராகக் கொள்ளப்படாது என்ற நம்பிக்கையைத் தெரிவித்திருந்தார். அப்படியொரு நம்பிக்கையை எழுத்தில் தெரிவிக்க நேர்ந்ததே கூட்டத்தைப் பற்றிய ஒரு சான்று. 1811 செப்டம்பரில் நடந்த மறுசண்டையில் தாடை உடைந்து அவர் தோற்றார்.

3. கடிகாரம் வந்ததும் எழுந்த சிக்கல்

1867இல் குவீன்ஸ்பெரி கோமான் பெயரில் வெளியான விதிகளை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட இடைவேளை, விழுந்தவர் எழப் பத்து நொடி ஆகியவை அவற்றின் சாரம். சுற்றின் முடிவை இனி உடல் தீர்மானிக்காது, கடிகாரம் தீர்மானிக்கும். இதன் விளைவு முதலில் விந்தையாகவே வெளிப்பட்டது. 1893 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆண்டி போவனும் ஜாக் பர்க்கும் 110 சுற்றுகள், ஏழு மணி நேரத்துக்கும் மேலாக மோதினர். இருவராலும் தொடர இயலாமற்போக, வென்றவர் எவருமின்றிச் சண்டை முடிந்தது. அந்தப் போவன் 1894 டிசம்பரில் மற்றொரு சண்டையில் தலை தரையில் மோத வீழ்ந்து, மறுநாள் இறந்தார்.

சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே வரையறுக்கும் வழக்கம் வலுப்பெற்றபோது புதிய நிலை உருவாயிற்று. கடைசி மணி அடிக்கும்போது இருவருமே நின்றுகொண்டிருக்கலாம். அப்போது வென்றவரை யாரேனும் சொல்லியாக வேண்டும். உடல் மௌனமாகிவிட்ட அந்த இடத்தில்தான் முதன்முறையாகக் கருத்து என்பது சண்டையின் இன்றியமையா உறுப்பாக மாறியது.

அதன் விசித்திர எல்லையை அமெரிக்காவில் காணலாம். நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை நடப்பிலிருந்த ஃப்ராலி சட்டம் பத்துச் சுற்றுச் சண்டையை அனுமதித்தது. ஆனால் புள்ளி அடிப்படையில் வெற்றியாளரை அறிவிப்பதைத் தடைசெய்தது. பந்தயச் சூதையும் விலைபோகும் நடுவர்களையும் ஒழிப்பதே நோக்கம். வேறு சில மாநிலங்களிலும் இத்தகைய கட்டுப்பாடுகள் இருந்தன. ஒருவர் வீழ்த்தப்படாவிட்டால் சட்டத்தின் பார்வையில் அச்சண்டைக்கு முடிவே இல்லை. பந்தயம் கட்டியவர்களோ முடிவின்றி வீடு திரும்பத் தயாராக இல்லை. களத்தருகே அமர்ந்திருந்த செய்தியாளர் மறுநாள் எழுதிய கருத்தே தீர்ப்பாயிற்று. 'செய்தித்தாள் தீர்ப்பு' என்று பெயர்பெற்ற இவ்வழக்கில், எந்த நாளிதழின் கருத்தைக் கொண்டு பணம் கொடுப்பது என முன்னரே பேசிவைத்துக்கொண்டனர். இரண்டு நாளிதழ்கள் இரண்டு பேரை வென்றவராகச் சொல்வதும் உண்டு. நக்கண்ணையார் கண்ட இரண்டு சாரார், இங்கு இரண்டு தலையங்கங்களாக அச்சேறினர்.

இக்காலத்தின் மிகப்பெரிய சான்று பிட்ஸ்பர்க் நகரத்து ஹாரி கிரெப். 1913 முதல் 1926 வரை ஏறத்தாழ 300 சண்டைகளில் பங்கேற்றவர். அவற்றில் பெரும்பங்கு செய்தித்தாள் தீர்ப்புகளால் மட்டுமே முடிவு அறியப்படுபவை. 1922 மே 23இல், தம்மைவிட உடல் எடை கூடிய ஜீன் டன்னியைத் தோற்கடித்தார். டன்னியின் வாழ்வில் அதுவே ஒரே தோல்வி. பின்னாளில் ஜாக் டெம்ப்சியை இருமுறை வென்றவர் அந்த டன்னி. கிரெப் சண்டையிடும் காட்சி எதுவும் இன்று கிடைக்கவில்லை. பயிற்சி செய்யும் சில துணுக்குப்படங்களே எஞ்சியுள்ளன. எல்லாக் காலத்துக்கும் சிறந்த வீரர்களின் பட்டியல்களில் அவர் தொடர்ந்து இடம்பெறுகிறார். அவ்விடம் முழுவதும் பார்த்தவர்களின் சொற்களால் கட்டப்பட்டது. எழுத்துச் சான்று மட்டுமே கொண்டு ஒரு வேகத்தை மீட்டெடுக்க முடியுமா என்ற கேள்வி, மறைந்துபோன கூத்து மரபை உரைக்குறிப்புகளால் மீட்டெடுக்க முயலும் ஆய்வாளருக்கு நன்கு பழக்கமானது.

அவருடைய வலக்கண் பிற்காலச் சண்டைகளில் பார்வை இழந்திருந்தது. அதை மறைத்தே அவர் சண்டையிட்டார். 1926இல் முப்பத்திரண்டாம் வயதில் ஓர் அறுவை சிகிச்சையின்போது இறந்தார். ஒற்றைக் கண்ணோடு ஆடினார் என்ற செய்தி வெளிவந்தபோது அவர் புகழ் மேலும் உயர்ந்தது. அதை எவரும் குற்றமாகப் படிக்கவில்லை. உரத்தின் உச்சமாகவே படித்தனர்.

4. நடுவர்களும் அவர்களைத் திருத்தும் கூட்டமும்

1920இல் நியூயார்க்கின் வாக்கர் சட்டம் பதினைந்து சுற்றுகளையும் அதிகாரபூர்வத் தீர்ப்பையும் அனுமதித்தது. பிற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. முதற்கேள்வி நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆயினும் இரசிகர் அதனை முழுதாக ஒப்படைக்கவில்லை.

1947 டிசம்பர் 5இல் மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் ஜோ லூயிஸ், ஜெர்சி ஜோ வால்காட்டிடம் இருமுறை கீழே விழுந்தார். பதினைந்து சுற்றும் முடிந்தபோது தாம் தோற்றுவிட்டதாகக் கருதிய லூயிஸ், தீர்ப்புக்குக் காத்திராமல் களத்தைவிட்டு இறங்க முற்பட்டார். இரண்டு நடுவர்கள் லூயிஸ் வென்றதாக எழுதியிருந்தனர். களத்துக்குள் இருந்த நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் மட்டும் வால்காட்டுக்கு அளித்திருந்தார். லூயிஸைப் போற்றிய அதே கூட்டம் அவர் வென்றார் என்ற அறிவிப்பைக் கூச்சலிட்டு எதிர்த்தது. விருப்பும் தீர்ப்பும் வேறுவேறானவை என இரசிகர் கூட்டம் ஒருசேர உணர்த்திய அரிய இரவு அது.

1987 ஏப்ரல் 6இல் லாஸ் வேகாசில் மார்வின் ஹாக்லரும் சுகர் ரே லெனர்டும் மோதிய பன்னிரண்டு சுற்றுகள் இதைவிடச் சிக்கலானவை. ஒரு நடுவர் ஹாக்லருக்கு 115-113. மற்றொருவர் லெனர்டுக்கு 115-113. மூன்றாமவர் லெனர்டுக்கு 118-110. ஒரே சண்டையைக் கண்ட மூவரின் கணக்குகளுக்கு இடையே இத்துணை இடைவெளி. சுற்றை வென்றவரைத் தீர்மானிக்க நடுவர்களுக்குத் தரப்படும் அளவுகோல்கள் நான்கு: தெளிவாகப் பதியும் அடி, பயன்விளைக்கும் முன்தாக்குதல், களத்தைத் தன்வசப்படுத்தும் திறன், தற்காப்பு. இவற்றில் 'தெளிவாக', 'பயன்விளைக்கும்' ஆகிய அடைகளே சர்ச்சையின் வேர். அடைமொழிக்கு எல்லை வகுக்கும் வேலை ஒவ்வொரு முறையும் பார்ப்பவர் கண்ணிடமே விடப்படுகிறது. ஹாக்லர் இடைவிடாது முன்னேறியதைப் பார்த்தவர்கள் அவரை வென்றவராகக் கண்டனர். ஒவ்வொரு சுற்றின் இறுதி நொடிகளிலும் லெனர்ட் பொழிந்த விரைவடிகளைப் பார்த்தவர்கள் லெனர்டைக் கண்டனர். 1985 முதல் குத்துகளை எண்ணிக் கணக்கிடும் கம்ப்யூபாக்ஸ் முறை புழக்கத்துக்கு வந்தபின்னும் இத்தகைய பூசல்கள் குறையவில்லை. ஹாக்லர் அதன்பின் ஒருபோதும் களமேறவில்லை. அத்தீர்ப்பைப் பற்றிய வழக்கோ அவர் 2021இல் இறந்தபின்னும் தொடர்கிறது.

இப்பூசல்களால் நேர்ந்த இழப்புகள் பெரியவை எனினும் ஈடுசெய்யத்தக்கவை: ஒரு பட்டம், ஒரு தொகை, ஒரு மனக்குறை. இரண்டாம் கேள்வியின் கணக்கு வேறு.

5. இரசிகர் முன்பே அறிந்திருந்தது

1928இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஹாரிசன் மார்ட்லண்ட் என்னும் நோய்க்குறியியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலையில் தொடர்ந்து அடிவாங்கிய குத்துச்சண்டையாளரிடம் தோன்றும் தள்ளாட்டம், நாக்குழறல், மனமழுங்கல் ஆகியவற்றை மருத்துவ உலகின் பார்வைக்குக் கொண்டுவந்த முதல் ஆய்வு அது. அதன் தலைப்பு 'பஞ்ச் டிரங்க்', அதாவது குத்துபோதை. அச்சொல் மருத்துவர் படைத்ததன்று. குத்துச்சண்டை அரங்குகளில் இரசிகர்கள் வழங்கிய சொல். இந்நிலையை இரசிகர்களும் சண்டை நடத்துவோரும் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதை மார்ட்லண்டே கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். அதனைக் குறிக்க அவர்களிடம் வேறு கேலிச்சொற்களும் இருந்தன. அறிவியலுக்கு முன்பே அறிவு இருந்தது. அது நகைச்சுவையின் வடிவில் இருந்தது.

இவ்விடத்தில் இரசிகரின் சொற்களஞ்சியத்தை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். அடியைத் தாங்குபவரைப் புகழ அதில் பல சொற்கள். தாங்கியதன் விளைவைச் சுட்டக் கேலிச்சொற்கள். தாங்க முடியாது என நிறுத்துபவரைக் குறிக்க இகழ்ச்சொற்கள். தக்க நேரத்தில் நிறுத்தியவரைப் புகழ மட்டும் ஒரு சொல்லும் இல்லை.

1962 மார்ச் 24இல் அவ்வெற்றிடம் தொலைக்காட்சியில் வெளிப்பட்டது. மேடிசன் சதுக்கத் தோட்டத்தில் எமில் கிரிஃபித்துக்கும் பென்னி பாரெட்டுக்கும் மூன்றாவது சண்டை. எடைபார்க்கும் நிகழ்வில் பாரெட், கிரிஃபித்தின் பாலியல்பைப் பழித்து ஒரு வசைச்சொல்லை வீசியிருந்தார். மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஜீன் ஃபுல்மரிடம் கடுமையாக அடிவாங்கியிருந்தார். பன்னிரண்டாம் சுற்றில் களத்தின் மூலையில் கயிற்றோடு சாய்ந்து செயலிழந்த பாரெட்மீது குத்துகள் தொடர்ந்து விழுந்தன. பாரெட் நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3இல் இறந்தார். நிறுத்தத் தாமதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நடுவர், 1947இல் கூட்டத்தோடு ஒத்த தீர்ப்பளித்துப் பாராட்டுப் பெற்ற அதே ரூபி கோல்ட்ஸ்டீன். அடிபட்டு மீளக்கூடியவர் என்று பாரெட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. உரமுடையவர் என்ற நற்பெயர், அவர் நிலைகுலைந்த நொடியிலும் அவர் மீள்வார் என்ற எதிர்பார்ப்பாக மாறியிருந்தது.

1980ஆம் ஆண்டின் இரண்டு நிகழ்வுகள் இரண்டாம் கேள்வியின் கெடுபிடியை வேறு கோணங்களில் காட்டுகின்றன. அவ்வாண்டு ஜனவரியில் முகம்மது அலி இந்தியா வந்தார். சென்னையில் ஜிம்மி எல்லிசுடனும் தில்லியில் கவுர் சிங்குடனும் காட்சிப் போட்டிகளில் தோன்றினார். அவரைக் காணத் திரண்ட மக்கள் கண்டது ஓய்வுபெற்ற ஒரு பெருவீரரின் சிரித்த முகம். அக்டோபர் 2ஆம் நாள், 38 வயதில், அவர் மீண்டும் களமேறி லாரி ஹோம்சை எதிர்த்தார். பத்துச் சுற்றுகள் ஏறத்தாழ எதிர்ப்பின்றி அடிவாங்கினார். பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டி நிறுத்தினார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் அறிகுறிகள் இருப்பது கண்டறியப்பட்டது. அவர் மீண்டும் வரவேண்டும் என விரும்பிய கூட்டத்தில் உலகின் எல்லா மூலைகளும் இருந்தன.

அதே ஆண்டு நவம்பர் 25இல் நியூ ஆர்லியன்சில் ராபர்டோ டுரான், லெனர்டுடன் மோதிக்கொண்டிருந்த எட்டாம் சுற்றில் கையசைத்துத் திரும்பிவிட்டார். ஐந்து மாதங்களுக்கு முன் லெனர்டை வென்றவர். எந்நாளும் பின்வாங்காதவர் எனப் பெயரெடுத்தவர். வயிற்றுப்பிடிப்பு எனக் காரணம் சொன்னார். 1983இலும் 1989இலும் மேலும் உயர்ந்த எடைப்பிரிவுகளில் உலகப்பட்டங்களை வென்றார். ஆனால் போதும் எனப் பொருள்படும் இரண்டு எசுப்பானியச் சொற்கள் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. அவற்றைத் தாம் சொல்லவேயில்லை என்று அவர் பலமுறை மறுத்தும் பயனில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள் பெற்ற ஒருவரை ஒற்றை நிறுத்தத்தால் நினைவுகூரும் வழக்கம், பின்வரும் ஒவ்வொரு வீரருக்கும் விடப்பட்ட எச்சரிக்கையாகவே செயற்பட்டது.

ஈராண்டு கழித்து, 1982 நவம்பர் 13இல், தென்கொரியாவின் கிம் டுக்-கூ லாஸ் வேகாசில் ரே மான்சினியை எதிர்த்தார். தோல்வி உறுதி என எண்ணப்பட்டவர், சுற்றுக்குச் சுற்று ஈடுகொடுத்து நின்றார். கூட்டமும் தொலைக்காட்சி வருணனையும் அவர் உரத்தை வியந்தன. பதினான்காம் சுற்றில் வீழ்ந்தார். சில நாள்களில் மூளைக்காயத்தால் இறந்தார். அடுத்த ஆண்டுக்குள் அவருடைய தாயும், அச்சண்டையின் நடுவர் ரிச்சர்ட் கிரீனும் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உலகக் குத்துச்சண்டை மன்றம் பட்டப்போட்டிகளைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டு சுற்றுகளாகக் குறைத்தது. பிற அமைப்புகளும் அப்பதிற்றாண்டின் முடிவுக்குள் அதைப் பின்பற்றின. பதினைந்து சுற்றுக் காலத்தின் வீரமே வீரம் எனப் பின்னர் ஏங்கிய இரசிகர்கள் பலர். அந்த மூன்று சுற்றுகள் ஏன் நீக்கப்பட்டன என்பதை அவ்வேக்கம் எப்போதும் நினைவில் வைத்திருக்கவில்லை.

6. மணிலாவின் பதினைந்தாம் சுற்று

இவ்வரலாற்றில் இரண்டாம் கேள்விக்கு வேறொரு விடை சொன்னவர் ஒருவர் உண்டு. 1975 அக்டோபர் 1ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டின் அரனேட்டா அரங்கம். அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாம் முறையாக மோதிப் பதினான்கு சுற்றுகள் முடிந்திருந்தன. வெப்பம் கடுமையானது. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி, வரும் அடியைப் பார்க்க முடியாத நிலை. பிராட்டன் 1750இல் இருந்த அதே நிலை. மூன்று நிமிடங்களே மீதம். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபச் சண்டையை நிறுத்தினார். ஃபிரேசியர் எதிர்த்தார், தொடர விரும்பினார். ஃபச் இணங்கவில்லை. அலியும் அப்போது ஆற்றலின் கடைசி எல்லையில் இருந்தார். வெற்றி அறிவிப்பைக் கேட்டுச் சற்று நேரத்தில் அவரும் களத்திலேயே சரிந்து அமர்ந்தார்.

இரசிகரின் நாவில் அன்றுமுதல் ஒரு நிபந்தனைத் தொடர் உலவுகிறது: ஃபச் நிறுத்தாதிருந்தால், அலி எழுந்து வந்திருப்பாரா? அரை நூற்றாண்டாக இருசாராரும் இதை வழக்காடிவருகின்றனர். வழக்கில் அலியின் உரம் எடைபோடப்படுகிறது. ஃபிரேசியரின் உரம் எடைபோடப்படுகிறது. ஃபச்சின் முடிவு பெரும்பாலும் ஒரு தடையாக, நிகழ்ந்திருக்கக்கூடிய ஒன்றை நிகழவிடாமற்செய்த குறுக்கீடாக, வாக்கியத்தின் துணைத்தொடரில் மட்டுமே இடம்பெறுகிறது.

இருவரில் முதலில் களத்தில் எழ மறுக்கும் உடல் எது என்ற காட்ஃபிரி காலத்துக் கேள்விதான் இது. கையுறை வந்து, கடிகாரம் வந்து, சட்டமும் புள்ளித்தாளும் கணினியும் வந்தபின்னும் அது மாறவில்லை. யார் வென்றார் என்பதில் இரசிகர் நடுவரைத் திருத்தியிருக்கிறார். பலமுறை அவரே சரியாகவும் இருந்திருக்கிறார். யார் தாங்கினார் என்பதில் அவரைத் திருத்த எவருக்கும் அதிகாரம் அளிக்கப்படவில்லை. 'பாட்டம்', 'கேம்', 'பிளக்' ஆகிய சொற்களோடு, நிறுத்தியவரின் துணிவுக்கும் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு அவருடையதே.

ஜோ ஃபிரேசியர் மணிலாவுக்குப்பின் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 2011 நவம்பரில் மறைந்தார்.